புது வீட்டுக்குள் ஏன் இந்தக் குளிர்? – மலை வீடு கேள்வி பதில்

கேள்வி: ஊட்டி காந்தலில் சொந்த வீடு கட்டி, போன தை மாதம் குடிவந்தோம். ஹாலோ பிளாக் சுவர், கான்கிரீட் மொட்டை மாடி. முன்பு வாடகைக்கு இருந்த பழைய தகரக் கூரை வீட்டைவிட இதில் குளிர் அதிகம். படுக்கையறையில் பீரோவுக்குப் பின்னால் சுவர் கறுத்துவிட்டது. பட்டுப் புடவைகளில் பூஞ்சை வாடை. ‘வாட்டர்ப்ரூஃப் பெயின்ட் அடித்தால் போய்விடும்’ என்கிறார் கான்ட்ராக்டர். ஹீட்டர் வாங்கலாம் என்கிறார் கணவர். எதைச் செய்வது?
– வாசகி, காந்தல்

பதில்: இப்போதைக்கு இரண்டுமே வேண்டாம், சகோதரி.

தை மாதம் குடிவந்ததாக எழுதியிருக்கிறீர்கள். பாதி விடை அதிலேயே இருக்கிறது. மார்கழியில் கிரகப்பிரவேசம் செய்ய மாட்டோம், தை முதல் முகூர்த்தத்தையும் விட மனம் வராது. அதனால் ஐப்பசி, கார்த்திகை மழையிலேயே பூச்சு வேலையை முடித்து, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்து, வருஷத்திலேயே குளிர் கடுமையான நாட்களில் பால் காய்ச்சுகிறோம். ஒரு மூட்டை சிமென்டுக்கு 25 லிட்டர் தண்ணீர் சேர்த்தால், அதில் சிமென்ட் தன்னோடு இறுக்கிக்கொள்வது 12 லிட்டர் போலத்தான். மிச்சமெல்லாம் சுவரிலும் தளத்திலும் தங்கி, மெல்ல ஆவியாகி வெளியேற வேண்டும். 400 மூட்டை பிடித்த வீடென்றால் 5,000 லிட்டர். கியூரிங்குக்கு ஊற்றியதும் மழையும் தனிக்கணக்கு. சமவெளியில் இதைச் சித்திரை வெயில் பார்த்துக்கொள்ளும். 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் ஒரு வருஷமாவது ஆகும், சில வீடுகளில் அதற்கு மேலும் இழுக்கும். ஈரச் சுவர் காய்ந்த சுவரைவிட வேகமாக வீட்டுச் சூட்டை வெளியே கடத்தும். அதன்மேல் ‘வாட்டர்ப்ரூஃப்’ அடித்து மூடினால் ஈரம் எங்கே போகும்? தயவுசெய்து அந்த டப்பாவைத் திறக்க விடாதீர்கள்.

மீதிப் பாதி, வீட்டுக்குள் நாமே உண்டாக்கும் ஈரம். குளிப்பது, துணி உலர்த்துவது, மூச்சு விடுவது எல்லாமே இதில் சேரும். சமையல் எரிவாயு எரியும்போதும் தண்ணீர் உண்டாகிறது என்பது பலருக்குத் தெரியாது. 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று தீரும்போது சுமார் 22 லிட்டர் தண்ணீரை ஆவியாக வீட்டுக்குள் விட்டிருக்கும். குளிருக்குப் பயந்து எல்லா ஜன்னலையும் சாத்தி வைத்தால் அந்த ஆவி வீட்டிலேயே மிகக் குளிர்ந்த இடத்தைத் தேடிப் போய்ப் படியும். ஐஸ் தண்ணீர் ஊற்றிய டம்ளரின் வெளிப்புறம் வியர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள், உங்கள் சுவரும் அப்படித்தான் வியர்க்கிறது. அறையில் 18 டிகிரி வெப்பமும் 70 சதவீத ஈரப்பதமும் இருந்தால், சுவர் 12 டிகிரிக்கு இறங்கியதும் நீர் பூக்கத் தொடங்கிவிடும். பூஞ்சைக்கு அவ்வளவுகூட வேண்டாம், சுவர் நசநசவென்று இருந்தாலே போதும். பீரோவுக்குப் பின்னால் காற்றோட்டம் கிடையாது, அறையின் சூடும் எட்டாது. கறுப்பு அங்கே தொடங்கியதற்குக் காரணம் அதுதான். காந்தல் பள்ளமான பகுதி வேறு. தெளிந்த இரவில் குளிர்ந்த காற்று மேட்டிலிருந்து இறங்கி அங்கே தேங்கும். உறைபனி முதலில் விழும் இடங்களில் உங்கள் ஊரும் ஒன்று.

ஈரம் எங்கிருந்து வருகிறது என்று நீங்களே கண்டுபிடிக்கலாம். கறுப்புக்குப் பக்கத்தில், நல்ல சுவரில், ஒன்றரை அடிச் சதுரத்தில் ஒரு பிளாஸ்டிக் தாளை வைத்து நான்கு பக்கமும் டேப்பால் இறுக்கி ஒட்டுங்கள். இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். தாளுக்கும் சுவருக்கும் நடுவே நீர்த்துளி இருந்தால் சுவர் இன்னும் காயவில்லை, அல்லது வெளியிலிருந்து ஓதம் ஏறுகிறது. உங்களைப் பார்த்த பக்கத்தில் துளி இருந்தால் அது அறைக் காற்றின் ஈரம். இரண்டு பக்கமும் இருந்தாலும் வியப்பில்லை, புது வீட்டில் அது சகஜம்.

பீரோவை இன்றே உள் சுவர்ப் பக்கம் மாற்றுங்கள். இடமில்லை என்றால் வெளிச் சுவரிலிருந்து மூன்று நான்கு அங்குலமாவது தள்ளி வையுங்கள். வெயில் அடிக்கும் நாட்களில் காலை பதினொன்றிலிருந்து மூன்று மணி வரை எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்துவிடுங்கள். தை, மாசி மாதங்களில் மதியக் காற்று உலர்ந்திருக்கும், அதுதான் உங்களுக்கு மருந்து. ஆடி மாத மூடுபனியில் இதைச் செய்யாதீர்கள், ஈரத்தை வீட்டுக்குள் அழைத்ததாகிவிடும். சமையலறையிலும் குளியலறையிலும் எக்ஸாஸ்ட் ஃபேன் அவசியம். கறுப்பைத் துடைக்கும்போது முகக்கவசம் போட்டுக்கொண்டு, நீர்த்த பிளீச்சிங் கரைசலில் துணியை நனைத்துத் துடையுங்கள். அதோடு டாய்லெட் கிளீனர் எதையும் சேர்க்கவே கூடாது, விஷவாயு வரும். பெயின்டை ஒரு கோடை முழுக்கக் காய்ந்த பிறகு பார்க்கலாம். ஹீட்டரையும் அப்போது பேசலாம். இந்த நிலையில் 2,000 வாட் ஹீட்டரைப் போட்டால் மணிக்கு 2 யூனிட் கரன்ட் செலவழித்து மொட்டை மாடியைத்தான் சூடாக்குவீர்கள். கூரையைப் பற்றிக் கோத்தகிரி வாசகருக்குச் சொல்லியிருப்பதையும் படியுங்கள்.

கேள்வி: கோத்தகிரியில் வீடு கட்டுகிறேன். அடுத்த மாதம் கூரைக்கு சென்ட்ரிங் அடிக்க வேண்டும். மொட்டை மாடி போடலாமா, சரிவுக் கூரையா? உள்ளே தெர்மாகோல் ஒட்டினால் குளிர் தாங்கும் என்கிறார்களே?
– வாசகர், கோத்தகிரி

பதில்: நல்ல நேரத்தில் கேட்டீர்கள் ஐயா. கான்கிரீட் கொட்டிய பிறகு கேட்பவர்களே அதிகம்.

வானம் தெளிந்த இரவில் கூரை தன் சூட்டை நேராக வானத்துக்கு விட்டுவிடுகிறது. வெறும் கான்கிரீட் அதைத் தடுக்காது. ஒரு அங்குல தெர்மாகோல் தடுக்கும் அளவுக்குத் தடுக்க மூன்றடிக்கு மேல் கனமான கான்கிரீட் வேண்டும்! காந்தல் வாசகியின் பழைய தகர வீடு இதமாக இருந்திருக்கிறது என்றால், தகரத்துக்குக் கீழே பலகை சீலிங் இருந்திருக்கும். தகரத்துக்கும் பலகைக்கும் நடுவே அடைபட்ட காற்று காவல் காத்தது. நீலகிரிப் பழங்குடிகளான தோடர்களின் மந்தில், அதாவது அவர்கள் குடியிருப்பில், அந்த வளைந்த வீட்டைப் பார்த்திருப்பீர்கள். கனமான புல் வேய்ந்த கூரை, தவழ்ந்து நுழையும் அளவுக்குச் சின்ன வாசல். சூட்டை எப்படி விடாமல் வைத்துக்கொள்வது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நாம் சமவெளி வீட்டின் பிளானை அப்படியே மலைக்குத் தூக்கி வந்துவிட்டோம்.

என் விருப்பம் சரிவுக் கூரை, கீழே பலகை அல்லது ஜிப்சம் சீலிங், இரண்டுக்கும் நடுவே நான்கு அங்குல ராக்வூல் (பாறையை உருக்கி இழைத்த பஞ்சு). மழையும் வழிந்துவிடும். பின்னால் மாடி எடுக்கும் எண்ணத்தில் மொட்டை மாடிதான் வேண்டும் என்றால், தளத்துக்கு மேலே வாட்டர்ப்ரூஃப் செய்து, அதன்மேல் இரண்டு அங்குல எக்ஸ்.பி.எஸ். பலகை (தெர்மாகோல் போன்ற, ஆனால் கெட்டியான நுரைப் பலகை) பரப்பி, காரை போட்டு ஓடு பதியுங்கள். வீடுகளுக்கென 2018-இல் மத்திய அரசு கொண்டுவந்த ‘ஈகோ நிவாஸ் சம்ஹிதா’ விதி, ஒவ்வொரு டிகிரி வித்தியாசத்துக்கும் கூரை வழியே சதுர மீட்டருக்கு 1.2 வாட்டுக்கு மேல் கடக்கக் கூடாது என்கிறது. வெறும் தளத்தில் அதைப்போல மூன்று மடங்குக்கு மேல் கடக்கும். இரண்டு அங்குலப் பலகை போட்டால் விதி சொல்லும் 1.2 வாட்டிலும் பாதியாகிவிடும்.

தெர்மாகோலை உள்பக்கம் ஒட்டுவதை நான் ஒப்புக்கொள்வதில்லை. தீப்பிடித்தால் அதன் புகை ஆளைக் கொல்லும். இடுக்கு வழியாக அறையின் ஈரக்காற்று பின்னால் போனால், கண்ணுக்குத் தெரியாமல் தளம் நனைந்துகொண்டே இருக்கும். கட்டி முடித்த வீட்டில் வேறு வழியே இல்லை என்றால், இடைவெளியில்லாமல் பதித்து, அறைப் பக்கம் பிளாஸ்டிக் தாள் விரித்து, ஜிப்சம் போர்டால் முழுக்க மூட வேண்டும்.

கேள்வி: குன்னூரில் விடுமுறை வீடு கட்டுகிறோம். பள்ளத்தாக்கு தெரிய, வரவேற்பறையின் ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. குளிருமா?
– வாசகி, கோவை

பதில்: குளிரும். ஒற்றைக் கண்ணாடி வழியே போகும் சூடு, ஒன்பது அங்குலச் செங்கல் சுவரைப்போல இரண்டரை மடங்கு. இரட்டைக் கண்ணாடி போட்டால் அது பாதியாகக் குறையும். அந்தப் பக்கம் தெற்காக இருந்தால் தைரியமாக வையுங்கள், மார்கழி வெயில் தெற்கிலிருந்து உள்ளே விழும். வடக்கு என்றால் நல்ல ஜன்னலாக ஒன்று வைத்துக்கொண்டு நிறுத்துங்கள். சட்டம் பொருத்தியதும் ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி ஓரமாகக் கொண்டுபோனால், புகை எங்கே ஆடுகிறதோ அங்கே இடுக்கு இருக்கிறது என்று அர்த்தம். பணம் கொடுக்கும் முன் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: கொடைக்கானலில் புது வீடு. அம்மாவுக்கு 78 வயது, குளிர் தாங்காது. கரி அடுப்பைப் புகை அடங்கியபின் அறைக்குள் வைத்து, கதவைச் சாத்திக்கொண்டு தூங்குகிறார். பழைய வீட்டிலும் அப்படித்தான் செய்வாராம். சரியா?
– வாசகர், கொடைக்கானல்

பதில்: இன்று ராத்திரியே நிறுத்துங்கள் தம்பி. புகை அடங்கிய கரியிலிருந்தும் கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது. ரத்தத்தில் ஆக்சிஜனின் இடத்தை அது பிடித்துக்கொள்ளும், தூங்குகிறவர் விழிக்காமலே போய்விடுவார். பழைய வீட்டில் ஓட்டு இடுக்கும் கதவு இடுக்கும் அம்மாவைக் காப்பாற்றின. உங்கள் புது வீட்டின் யு.பி.வி.சி. (கெட்டி பிளாஸ்டிக்) ஜன்னலில் அந்த இடுக்குகள் இல்லை. அம்மாவின் கட்டிலை வெளிச் சுவரிலிருந்து உள் சுவர்ப் பக்கம் இழுத்துப் போடுங்கள். தரையில் தடித்த ஜமுக்காளம் விரியுங்கள். கம்பளிக் காலுறை, தலைக்குக் குல்லா, படுப்பதற்கு அரைமணி முன்பு போர்வைக்குள் துணி சுற்றிய வெந்நீர்ப் பை. வயதானவர்களின் தோல் சீக்கிரம் புண்ணாகும், அதனால் பையை உடம்போடு ஒட்டி வைக்காதீர்கள். அடுப்பை வெளியே வைத்துவிட்டு, நாளைக்கு ஓர் எண்ணெய் ஹீட்டர் (கரன்டில் ஓடுவது, உள்ளே அடைத்த எண்ணெய் சூடாகுமே தவிர எரியாது) வாங்கி வாருங்கள். அவர் அறைக்கு மட்டும் இப்போதே வாங்கலாம்.