மச்சாளின் பட்டியலும் உங்கள் கடனட்டையும்

கேள்வி (சுருக்கியது): ஐயா, நான் புங்குடுதீவில் இருக்கிறேன். அரச கந்தோரில் வேலை. பிடித்தங்கள் போகக் கையில் 62,000 ரூபாய் வரும். கணவர் படகில் வேலை செய்கிறார், அவருடைய உழைப்பு கடலைப் பொறுத்தது. சனிக்கிழமைதோறும் பஸ்ஸில் யாழ்ப்பாணம் போய் சுப்பர்மார்க்கட்டில் சாமான் வாங்குகிறேன். எங்கள் வீட்டுக்கு 8,000 போல வரும். மச்சாளும் அயல் வீட்டாரும் தரும் பட்டியலுக்கு இன்னொரு 6,000. எல்லாம் என் கடனட்டையில்தான் போகும், அட்டைக்கு விலைக்கழிவு உண்டு, புள்ளியும் சேரும். அவர்கள் பிறகு காசு தந்துவிடுவார்கள், மாதம் 20,000 போல கைக்கு வரும். ஊர்க்கடையில் வாங்கினால் எங்கள் சாமானுக்கு மட்டும் வாரம் 700 ரூபாய் கூடப் போகிறது. மூன்று மாதப் பில்லை ஒப்பிட்டு அட்டவணையும் பில் பிரதிகளும் அனுப்பியிருக்கிறேன். மாமியோ, "ஊருக்குள் கடை இருக்க ஏன் பட்டணத்தில் கொண்டுபோய்க் கொட்டுகிறாய்" என்கிறார். கடைக்காரர் கணவருக்கு ஒன்றுவிட்ட அண்ணர். அவருடைய கடன் கொப்பியில் எங்கள் பெயரில் 18,000 நிற்பதால் அந்தப் பக்கம் போகவே ஒரு மாதிரி இருக்கிறது. எது லாபம், சுப்பர்மார்க்கட்டா, ஊர்க்கடையா? மற்றது, அட்டையில் 240,000 நிற்கிறது, வட்டி 26 வீதம். மாதம் 45,000 தவறாமல் கட்டியும் ஏறிக்கொண்டே போகிறது. சங்கிலியை அடைவு வைத்து அடைக்கலாமா?

பதில்: உங்கள் கடிதத்தில் முக்கியமான சங்கதி "மற்றது" என்ற சொல்லுக்குப் பிறகுதான் வருகிறது. அதற்கு முன்னால் ஒரு பக்கத்துக்குப் பருப்பு விலையும் சவர்க்கார விலையும். அட்டவணை நன்றாகத்தான் இருக்கிறது, குறை சொல்லவில்லை. ஆனால் வீட்டுக்குள் வெள்ளம் ஏறும்போது கூரையில் ஓடு எண்ணுகிற வேலை அது.

கேட்டுவிட்டீர்கள் என்பதற்காகக் கடை விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பால்மா, பிஸ்கட், சவர்க்காரம் என்று விலை அச்சிட்டு வரும் சாமானை அச்சிட்ட விலைக்கு மேல் எந்தக் கடையும் விற்கக்கூடாது. யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலத்தையும் வாணர் பாலத்தையும் தாண்டி வந்த சாமானென்று ஏற்றுக்கூலியை அதன்மேல் போட முடியாது. விற்றால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை வழக்குப் போடும். ஆகவே அவற்றில் வித்தியாசம் வருவது பெரும்பாலும் அட்டைக் கழிவால்தான். நிறுத்து விற்கும் அரிசி, பருப்பு, வெங்காயத்தில்தான் ஊர்க்கடையில் உண்மையாகவே விலை கூட. அதற்கும் காரணம் இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் போரால் உங்கள் தீவகப் பகுதியைவிட்டுப் போன சனத்தில் பெரும்பகுதி திரும்பி வரவில்லை. அந்தக் கடைக்காரர் நூறு மூடை இறக்கி விலையைக் குறைக்க, வாங்குவதற்கு ஊரில் ஆள் இல்லை. தெற்கெல்லாம் கடை வைத்துப் பேர் எடுத்த தீவாரின் சொந்த ஊரில் கடைக்கு ஆளில்லை என்பது ஒரு பக்கத்துக் கவலை, அதை விடுவோம்.

சரி, வாரம் 700 என்றால் மாதம் 2,800 மிச்சம். போக வர பஸ்ஸுக்கும் ஓட்டோவுக்கும் 500, பிள்ளைகளுக்கு ரோல்ஸும் ஐஸ்கிரீமும் 600 என்று அட்டவணையின் கீழே நீங்களே குறித்திருக்கிறீர்கள். நாலு சனிக்கிழமைக்கு 4,400. அதாவது அட்டவணைப்படியே மாதம் 1,600 ரூபாய் நட்டத்தில்தான் மலிவாக வாங்குகிறீர்கள். மாமி கணக்குப் போடாமலே சொன்னது சரியாகிவிட்டது.

ஆனால் ஊர்க்கடைக்கு மாறினால் எல்லாம் சரி என்று நினைத்துவிடாதீர்கள். உங்களைக் கவிழ்ப்பது கடை அல்ல, பட்டியல்.

மாதம் என்ன நடக்கிறதென்று பாருங்கள். உங்கள் சாமான் 32,000, மற்றவர்களின் சாமான் 24,000, ஆக 56,000 அட்டையில் ஏறுகிறது. நீங்கள் கட்டுவது 45,000. வட்டியை விட்டாலும் 11,000 துண்டு விழுகிறது. 240,000க்கு 26 வீதமென்றால் மாத வட்டி 5,200. இரண்டையும் சேர்த்தால் மாதாமாதம் 16,000 போல ஏறும். தொடக்கத்தில் வட்டி குறைவாக இருந்திருக்கும் என்று வைத்துக் கணக்குப் பார்த்தால் இந்தக் கடனுக்கு ஒன்றரை வயது. ஏறத்தாழ அப்போதுதானே பட்டியல் வாங்கத் தொடங்கியிருப்பீர்கள்?

மச்சாள் ஏமாற்றுகிறார் என்று நான் சொல்ல வரவில்லை. 24,000க்கு 20,000 திரும்பி வருகிறது, சொந்தத்துக்குள் இது நல்ல வசூல். சிக்கல், அந்த 20,000 எப்படி வருகிறது, எங்கே போகிறது என்பதில். இன்றைக்கு ஆயிரம், புதன்கிழமை ஐந்நூறு என்று கையில் வருகிறது. வந்த கையோடு மீனுக்கும் டியூஷனுக்கும் மின்சாரப் பில்லுக்கும் போய்விடுகிறது. அது உங்கள் காசு இல்லை. வங்கியின் காசு. மச்சாளின் கையிலிருந்து உங்கள் கை வழியாக வங்கிக்குப் போக வேண்டியது வழியிலேயே செலவாகிறது. 26 வீத வட்டிக்குக் கடன் எடுத்து மீன் வாங்கியிருக்கிறீர்கள், அவ்வளவுதான். இதைத் தனியாகச் செய்திருந்தால் முதல் மாதமே பயந்திருப்பீர்கள். மச்சாளின் காசு நடுவில் இருந்ததால் தெரியவில்லை.

என் பெரியப்பா தெற்கில் பலசரக்குக் கடை வைத்திருந்தவர். கல்லாவுக்குக் கீழே இரண்டு பால்மாப் பேணி இருக்கும். ஒன்றில் கொழும்பு மொத்த வியாபாரிக்குக் கட்ட வேண்டிய காசு, மற்றதில் வீட்டுக் காசு. வீட்டில் அரிசி இல்லையென்றாலும் முதல் பேணியில் கை வைக்க மாட்டார், கடையிலிருந்து அரிசியை எடுத்துக் கொப்பியில் தன் பெயரிலேயே எழுதுவார். உங்களிடம் இருப்பது ஒரே பேணி.

அட்டையில் ஒரு சின்னச் சூட்சுமமும் இருக்கிறது. முழுப் பாக்கியையும் கட்டுகிறவருக்குத்தான் வட்டியில்லாத நாட்கள். பாக்கி வைத்திருப்பவருக்கு இந்தச் சனிக்கிழமை வாங்கிய சாமானுக்கு இந்தச் சனிக்கிழமையிலிருந்தே வட்டி ஓடும். 14,000 ரூபாய்ச் சாமானுக்கு மாதம் 300. மச்சாளுக்குக் கிடைத்த கழிவுக்கு வட்டி கட்டுவது நீங்கள்! புள்ளி சேர்வதைப் பற்றி இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். அதற்குப் பதில் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை.

இனி என்ன செய்வது?

சங்கிலியை எடுக்க வேண்டாம், இப்போதைக்கு. நீங்கள் நிரந்தர அரச உத்தியோகத்தர் என்றால் உங்கள் கந்தோரிலேயே இடர் கடன், அதாவது அவசரத் தேவைக்கு அரச ஊழியருக்குக் கொடுக்கும் கடன், இருக்கிறது. ஆண்டுக்கு 4.2 வீத வட்டி. ஏற்கெனவே எடுத்தீர்களா என்று எழுதவில்லை. எடுக்கவில்லையென்றால் திங்கட்கிழமை முதல் வேலையாகக் கணக்குக் கிளையில் உங்களுக்கு எவ்வளவு கிடைக்குமென்று கேளுங்கள். பிணைக்கு ஆள் தேவைப்படும், கந்தோரில் கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும், கேளுங்கள். 240,000 முழுதும் கிடைத்தால் மாத வட்டி 5,200 இருந்த இடத்தில் தொடக்கத்தில் 840. ஐந்து வருடத் தவணையென்றால் முதலும் வட்டியும் சேர்த்து மாதம் 4,800க்குள் அடங்கும், சம்பளத்திலேயே கழித்துவிடுவார்கள். இவ்வளவு தொகைக்கு இவ்வளவு மலிவான கடன் வெளியில் உங்களுக்கு எளிதில் கிடைக்காது. அதனால்தான் பயமாகவும் இருக்கிறது. இதை எடுத்து அட்டையை வெறுமையாக்கிவிட்டு மறுபடி பட்டியல் வாங்கத் தொடங்கினால், அடுத்த முறை கையில் சங்கிலி மட்டும்தான் மிஞ்சும்.

இடர் கடன் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால்தான் அடைவு. அதுவும் அரச வங்கியில், வட்டியை எழுத்தில் கேட்டு, அட்டை வட்டியைவிட நன்றாகக் குறைவென்றால் மட்டும். அட்டை வங்கியே பாக்கியை "வட்டியில்லாத 24 தவணையாக" மாற்றித் தருவதாக அழைக்கும், இன்னும் அழைக்கவில்லையென்றால் விரைவில் அழைக்கும். கையாளும் கட்டணம் எவ்வளவு, ஒரு தவணை தவறினால் என்ன நடக்கும் என்ற இரண்டையும் கேட்காமல் ஓமென்று சொல்லாதீர்கள். சாமானை மூன்று தவணையில் பிரித்துத் தரும் ஆப்கள் இப்போது பெரிய நாகரிகம். அதை இறக்கிவிட்டீர்களென்றால் அழித்துவிடுங்கள். மூன்று தவணையில் மா வாங்கிச் சாப்பிட வேண்டிய நிலைமை வந்தால், அது ஆப்பால் தீர்கிற பிரச்சினை இல்லை.

பட்டியல் நின்றதும் வீட்டில் உண்மையான பள்ளம் தெரியவரும், அதற்கும் தயாராக இருங்கள். மற்றவர்கள் தரும் 20,000 இனி வராது, கட்டும் 45,000த்தில் அந்த அளவு மீன், டியூஷன் செலவுக்குத் திரும்பிப் போனால் 25,000 மிஞ்சும். உங்கள் சாமானோ 32,000. மாதம் 7,000 குறைகிறது. எங்கே குறைக்கலாமென்று உங்கள் பில்களையே பார்த்தேன். உங்கள் 8,000த்தில் ஊர்க்கடையில் இல்லவே இல்லாத சாமான் வாரம் 1,800 போல வருகிறது. சொக்லேட், நூடில்ஸ், வாசனைத் திரவியம், ஏதோ ஒரு விதைப் பக்கற். ஒப்பீட்டு அட்டவணையில் அவற்றைச் சேர்க்கவில்லை, ஊர்க்கடையில் விலை இல்லாததால் ஒப்பிட முடியவில்லை என்று நினைத்திருப்பீர்கள். மாதம் 7,200. சுப்பர்மார்க்கட்டின் உண்மையான விலை அதுதான். பெரிய கடையில் நாம் நிறையக் கொடுப்பது அரிசிக்கு அல்ல, அரிசிக்குப் போகும் வழியில் இருக்கும் தட்டுகளுக்கு.

பயணத்தை மாதத்துக்கு ஒன்றாகக் குறையுங்கள். சம்பளம் வந்த சனிக்கிழமை, அரிசி பருப்பு மட்டும், காசு கொடுத்து. மிச்ச மூன்று வாரமும் ஊர்க்கடை. அங்கே விலை கூடினாலும் பயணச் செலவு குறைவதில் மாதம் ஆயிரத்துச் சொச்சம் மிஞ்சும். அதை இடர் கடன் தவணைக்குப் போட்டாலும் இன்னும் மூவாயிரத்துச் சொச்சம் இடிக்கும். கணவரின் உழைப்பை இவ்வளவு நீளமான கடிதத்தில் ஒரு இலக்கத்தில்கூட நீங்கள் எழுதவில்லை. கடல் நல்லாயிருக்கும் மாதத்தில் எவ்வளவு, கொந்தளிக்கும் கார்த்திகை, மார்கழியில் எவ்வளவு என்று இருவருமாக இருந்து எழுதிப் பாருங்கள். இடிக்கிறது அங்கேதான் சரிவர வேண்டும்.

அடுத்தது கொப்பியில் உள்ள 18,000. வட்டியில்லாத கடன், கணக்குப்படி கடைசியாகத்தான் கட்ட வேண்டும். ஆனாலும் மாதம் 2,000 கொண்டுபோய்க் கொடுங்கள், இந்த மாதமே. அந்தப் பாக்கிக்கு வெட்கப்பட்டுத்தானே கடைவாசலைத் தவிர்த்துப் பட்டணத்துக்கு பஸ் ஏறுகிறீர்கள்? அண்ணரிடம் நேரே போய், "இனி மாதம் இவ்வளவு தருவேன், புதுச் சாமானுக்குக் கைக்காசு" என்று சொல்லிவிடுங்கள். 2022இல் எரிபொருளுக்கு வரிசையில் நின்ற மாதங்கள் நினைவிருக்கும். பட்டணம் எவ்வளவு தூரமென்று அப்போது தெரிந்தது. அந்த நாளில் கொப்பியில் எழுதி அரிசி தந்தது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை, உங்கள் 18,000 எப்போது தொடங்கியதென்று கொப்பியில் திகதி இருக்கும்.

மச்சாளிடம் எப்படிச் சொல்வதென்றுதான் இனி யோசிப்பீர்கள். கடனைப் பற்றி விளக்கம் கொடுக்கப் போகாதீர்கள், அது ஊர்ப் பஞ்சாயத்தாகிவிடும். "அட்டை இப்போது பாவிக்கிறதில்லை மச்சாள், மாதத்தில் ஒருக்கால்தான் போவேன், பட்டியலோடு காசையும் தந்தால் வாங்கி வருகிறேன்" என்றால் போதும். முதல் மாதம் முகம் கொஞ்சம் நீளும். ஒன்றரை வருடத்தில் திரும்பி வராமல் நின்றது மாதம் 4,000 வீதம் பார்த்தால் எழுபதாயிரத்தைத் தொடும், அதை இப்போது கிளறாதீர்கள். பில்களை மட்டும் எறியாமல் வைத்திருங்கள். இடர் கடன் விண்ணப்பம் கொடுத்த பிறகு, யார் பெயரில் எவ்வளவு என்று பிரித்து எழுதி அனுப்புங்கள், எதைக் கேட்கலாம், எதை விடலாம் என்று பார்ப்போம்.