யூனிவர்சிட்டி ஆஸ்பத்திரியில்தான் வேலை என்று நிற்கும் மகள்: படிவம் நான்கு பாடத் தொகுப்பைத் தேர்ந்தெடுக்கும் முன் ஓர் அம்மாவுக்குப் பதில்

வணக்கம் அம்மா. பத்தாங் பெர்ஜுந்தையிலிருந்து நீங்கள் எழுதியதை நிதானமாகப் படித்தேன். பாட்டியின் இருதயச் சிகிச்சைக்குத் துணையாகப் போய்வந்த மகள், "அந்த ஆஸ்பத்திரியிலதான் வேலை செய்வேன்" என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். படிவம் மூன்று முடியப் போகிறது. பள்ளியில் கணக்கியல் தொகுப்பை எடுக்கச் சொல்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரரோ, டாக்டருக்குப் படிக்கவைத்தால் வீட்டை விற்கவேண்டி வரும் என்று பயமுறுத்துகிறார். உங்கள் வீட்டுக்காரர் செம்பனை ஆலையில் வேலை செய்கிறார், கீழே இன்னும் இரண்டு பிள்ளைகள். தூக்கம் வராததில் ஆச்சரியம் இல்லை.

மகள் டாக்டராவதா வேண்டாமா என்பதை நீங்கள் இந்த வருஷம் முடிவு செய்யத் தேவையே இல்லை. இப்போது முடிவாக வேண்டியது பாடத் தொகுப்பு மட்டும்தான். அவள் வேலை செய்ய ஆசைப்படும் இடத்தைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொண்டால், எந்தப் பாடம் எதற்கு என்பது தானாகவே புரியும்.

நாம் பழக்கத்தில் யூனிவர்சிட்டி ஆஸ்பத்திரி என்று சொல்வது, லெம்பா பந்தாயில் உள்ள மலாயா பல்கலைக்கழக மருத்துவ மையம். பெயர்ப்பலகையில் பி.பி.யு.எம். 1960களின் தொடக்கம் வரை நம் பிள்ளைகள் மருத்துவம் படிக்க பெரும்பாலும் சிங்கப்பூருக்குத்தான் போகவேண்டியிருந்தது. 1905-இல் தொடங்கிய மருத்துவக் கல்லூரி அங்கேதான் இருந்தது. 1962-இல் மலாயாப் பல்கலைக்கழகம் கோலாலம்பூரில் தனியாக நிமிர்ந்தபோது அதற்கு ஒரு மருத்துவப் புலம் தேவைப்பட்டது. அதைக் கட்டியெழுப்பிய முதல் டீன், பேராசிரியர் டி.ஜே. தனராஜ். 1964-இல் சேர்ந்த முதல் மாணவர்கள் 1969-இல் டாக்டர்களாக வெளிவந்தார்கள். அவர்கள் படுக்கையருகே நின்று பழகுவதற்காகவே எழுப்பியதுதான் அந்த ஆஸ்பத்திரி. நாட்டின் முதல் எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை 1987-இல் அங்கே நடந்தது.

எனக்கு அந்த வரலாற்றில் மிகவும் பிடித்த பகுதி வேறு. 1998 கடைசியில் பேராக்கில் தொடங்கி நெகிரி செம்பிலான் பன்றிப் பண்ணைகள் வரை ஒரு மூளைக்காய்ச்சல் பரவியது. கொசுவால் வரும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே முதலில் எல்லாரும் நினைத்தார்கள். மருந்து அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள், சாவு நிற்கவில்லை. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழக நுண்ணுயிரியல் ஆய்வுக்கூடத்தில் டாக்டர் சுவா காவ் பிங், நோயாளியிடமிருந்து எடுத்த மாதிரியில் உலகம் அதுவரை அறியாத ஒரு வைரஸைக் கண்டார். அதுதான் நிப்பா. மலேசியாவில் 265 பேரைத் தாக்கி 105 பேரைக் கொண்டுபோன நோய் அது. எதிரி கொசு அல்ல, பன்றிகளிடமிருந்து பரவுவது என்று தெரிந்த பிறகுதான் அதைச் சரியான வழியில் அடக்க முடிந்தது. வார்டில் யார் கண்ணிலும் படாத ஓர் அறையிலிருந்து வந்த விடை அது. ஆஸ்பத்திரி வேலை என்றாலே வெள்ளைக் கோட்டும் ஸ்டெதஸ்கோப்பும்தான் என்று நினைக்கும் வீடுகளில் இந்தக் கதையை நான் தவறாமல் சொல்வேன்.

உங்கள் மாமியாரின் கையில் ரத்தம் எடுத்ததை மகள் பார்த்திருப்பாள். ஊதா மூடிக் குழாயில் ரத்தம் உறையாமல் இருக்க ஒரு மருந்து தடவியிருக்கும். எடுத்தவுடன் குழாயை மெல்லக் கவிழ்த்துக் கவிழ்த்துக் கலக்க வேண்டும். குலுக்கினால் அணுக்கள் உடையும், கலக்காமல் விட்டால் ரத்தம் கட்டிப்போகும். கட்டிப்போன குழாய் ஆய்வுக்கூடத்துக்கு வந்தால் அங்கே உட்கார்ந்திருப்பவர் அதை ஏற்கக்கூடாது. பெரிய டாக்டரே போன் செய்து அவசரப்படுத்தினாலும், "மறுபடி எடுத்து அனுப்புங்கள்" என்று சொல்லத் தெரிய வேண்டும். ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்திருக்கும் அவர்தான் மருத்துவ ஆய்வுக்கூடத் தொழில்நுட்பர். மூன்று வருஷ டிப்ளோமா படித்தவராக இருக்கலாம், உயிர் மருத்துவ அறிவியலில் பட்டம் பெற்றவராகவும் இருக்கலாம். டாக்டர் எழுதும் மருந்தின் அளவு அவர் தரும் எண்ணை நம்பித்தான் இருக்கிறது.

இப்படியே எக்ஸ்ரே எடுப்பவர், உடற்பயிற்சிச் சிகிச்சையாளர், உணவியலாளர், மருந்தாளர், செவித்திறன் சோதிப்பவர், பக்கவாதம் வந்தவருக்குப் பேச்சைத் திரும்பப் பழக்குபவர் என்று பட்டியல் நீளும். இவர்களில் பலரை 2016-ஆம் ஆண்டின் துணைச் சுகாதாரத் தொழிலர் சட்டம் முறைப்படுத்துகிறது. அதில் 23 தொழில்கள் உள்ளன. மருத்துவர், தாதியர், மருந்தாளர் இந்தக் கணக்கில் சேரமாட்டார்கள், அவர்களுக்குத் தனிச் சட்டங்கள் உண்டு.

தோட்டத்தில் டிரசர் ஐயா என்று ஒருவர் இருந்தாரே, காய்ச்சலுக்கு மருந்து கலக்கி, பாம்பு கடித்தால் கட்டுப்போட்டு லாரியில் ஏற்றி அனுப்பியவர், நினைவிருக்கிறதா? அந்த வேலை இன்று மருத்துவ உதவி அதிகாரி என்ற பதவியாக அரசாங்க ஆஸ்பத்திரிகளில் நன்றாகவே இருக்கிறது. அவசரப் பிரிவு, ஆம்புலன்ஸ், டயாலிசிஸ் எல்லாவற்றிலும் அவர்கள்தான். அதற்கும் மூன்று வருஷ டிப்ளோமாதான்.

சரி, பாடத் தொகுப்புக்கு வருவோம். மருத்துவம், மருந்தியல், ஆய்வுக்கூடம், கதிரியக்கம் எதுவானாலும் படிவம் ஐந்து முடிவில் எழுதும் எஸ்.பி.எம்.மில் அறிவியலும் கணிதமும் வேண்டும். மருத்துவத்துக்கு உயிரியல், இரசாயனம், இயற்பியல், கணிதம் எல்லாமே நல்ல தரத்தில் வேண்டும். கணக்கியல் எடுத்துவிட்டால் இதில் பெரும்பாலான கதவுகள் பதினாறு வயதிலேயே சாத்திக்கொள்ளும். அறிவியல் எடுத்துப் படித்துவிட்டு, அப்புறம் மனம் மாறிக் கணக்கியலுக்குப் போகிறேன் என்றால் ஆறாம் படிவத்திலோ டிப்ளோமாவிலோ போய்க்கொள்ளலாம். திரும்பி வருவது கஷ்டம். ஆகவே என் யோசனை அறிவியல் தொகுப்புதான். பள்ளி ஏன் வேண்டாம் என்கிறது என்று நேரில் போய்க் கேளுங்கள். மகளின் கணித மதிப்பெண் குறைவு என்றால் அது நியாயமான கவலை, டியூஷன் வைத்துச் சரிசெய்யப் பார்க்கலாம். வகுப்பு நிரம்பவில்லை, ஆசிரியர் இல்லை என்றால் அது அவள் பிரச்சினை அல்ல. பக்கத்து ஊரில் அந்தத் தொகுப்பு உள்ள பள்ளிக்கு மாற்றம் கேட்கலாம்.

வீட்டை விற்கும் பேச்சுக்கு வருகிறேன். தனியார் கல்லூரியில் மருத்துவம் என்றால் மூன்று லட்சம் வெள்ளிக்கு மேல் ஆகும், உண்மைதான். பி.டி.பி.டி.என். என்ற அரசாங்க உயர்கல்விக் கடன் அதை முழுதாகத் தாங்காது. ஆனால் அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தால் கட்டணம் அதில் ஒரு சிறு பகுதிதான். அதற்கு மெட்ரிகுலேஷன் என்ற பல்கலைக்கழக முன்படிப்பு ஒரு வருஷம், அல்லது ஆறாம் படிவம் ஒன்றரை வருஷம். இரண்டிலும் ஏறக்குறைய முழுப் புள்ளி வேண்டும், நேர்காணலும் உண்டு. ஆறாம் படிவ முடிவில் எழுதும் எஸ்.டி.பி.எம். தேர்வு கடினம் என்று பயந்து ஒதுக்கும் பெற்றோரே அதிகம். செலவு குறைவு, வெளிநாடும் மதிக்கும் சான்றிதழ், அதை அப்படி ஒதுக்குவதில் எனக்குச் சம்மதமில்லை.

டாக்டர் பாதையின் மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். ஐந்து வருஷப் படிப்பு, அப்புறம் இரண்டு வருஷப் பயிற்சி மருத்துவர் பணி, நான்கு மாதத்துக்கு ஒரு துறை. 2016 கடைசியிலிருந்து புதிய டாக்டர்கள் ஒப்பந்த முறையில்தான் சேர்க்கப்பட்டார்கள். 2021 ஜூலையில் அவர்கள் கறுப்பு உடை போட்டு வேலையை நிறுத்தி வெளியே நின்றதை டிவியில் பார்த்திருப்பீர்கள். "டாக்டராகிவிட்டால் ஆயுசுக்கும் கவலையில்லை" என்ற பழைய கணக்கு இப்போது அப்படியே செல்லாது. மகளுக்கு அந்த வேலை பிடித்திருந்தால் மட்டும் அந்த ஏழு வருஷம் தாங்கும்.

எஸ்.பி.எம்.மில் நடுத்தரமான முடிவு வந்தாலும் கதை முடிந்துவிடாது. சுகாதார அமைச்சின் பயிற்சிக் கழகங்களில், பேராக் உலு கிந்தாவில் உள்ளதைப் போல, தாதியர் முதல் எக்ஸ்ரே வரை டிப்ளோமாக்கள் உண்டு. தனியார் கல்லூரியோடு பார்த்தால் செலவு மிகக் குறைவு. போட்டி அதிகம், மலாய் மொழியும் கணிதமும் அறிவியலும் கிரெடிட் இல்லாமல் ஆகாது. ஒன்று மட்டும் மகளிடம் சொல்லிவையுங்கள்: சுகாதார அமைச்சு சபாவுக்கோ சரவாக்குக்கோ அனுப்பலாம். பி.பி.யு.எம். உயர்கல்வி அமைச்சின் கீழ் வருவது, அதன் காலியிடங்களுக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். முதல் வேலையே லெம்பா பந்தாயில் கிடைக்கும் என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது.

எஸ்.பி.எம். முடிவு வந்த வாரத்திலேயே கல்லூரி ஏஜெண்டுகள் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள். லாப்டாப் இலவசம், கடன் நாங்களே எடுத்துத் தருகிறோம் என்பார்கள். அவர்கள் நீட்டும் பாரத்தில் அன்றைக்கே கையெழுத்துப் போடாதீர்கள். அந்தப் படிப்பின் முழுப் பெயரை எழுதி வாங்கி, படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் எம்.கியூ.ஏ.வின் இணையப் பதிவேட்டில் இருக்கிறதா என்று மகளையே தேடச் சொல்லுங்கள். எந்த ஆஸ்பத்திரியில் செய்முறைப் பயிற்சி, முடித்தபின் எந்த வாரியத்தில் பதிவு செய்ய முடியும் என்று கேளுங்கள். பதில் இழுத்தால், தேநீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள். வாரியப் பதிவு கிடைக்காத ஒரு டிப்ளோமாவுக்காகக் கடன் கட்டிக்கொண்டு, பேரங்காடியில் காசாளராக நிற்கும் பெண்களை எனக்குத் தெரியும்.

பாட்டிக்கு அடுத்த தவணை பள்ளி விடுமுறையில் வந்தால் மகளையும் கூட்டிப் போங்கள். மருந்துக்கு எண் எடுத்துக் காத்திருக்கும் நேரத்தில் எக்ஸ்ரே பிரிவு வாசலிலும் உடற்பயிற்சிச் சிகிச்சைப் பிரிவு வாசலிலும் அவள் கொஞ்சம் உட்கார்ந்து பார்க்கட்டும். வேலை முடிந்து வருபவரிடம், "அக்கா, நீங்க என்ன படிச்சீங்க?" என்று கேட்கட்டும், பெரும்பாலோர் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். பாடத் தொகுப்புப் பாரத்தை எப்போது திருப்பித் தரவேண்டும் என்பதைப் பள்ளியில் கேட்டு எனக்கு எழுதுங்கள். மகளின் கடைசி இரண்டு தேர்வுகளின் கணித, அறிவியல் மதிப்பெண்களையும் சேர்த்து அனுப்புங்கள். கூடுதல் கணிதம் எடுக்கலாமா என்பதை அதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.