ஆங்கிலம் தாய்மொழியானவர்களுக்கு வாசிப்பு எளிதாக வருவது ஏன்?

வாசிப்புத் திறன் என்பது எழுத்தைச் சொல்லாக்குவதும் அந்தச் சொல்லின் பொருளைப் பிடிப்பதும் சேர்ந்தது. ஆங்கிலம் பேசி வளரும் குழந்தை பள்ளிக்குப் போகும் முன்பே ஆயிரக்கணக்கான சொற்களைக் காதால் அறிந்திருக்கிறது. அச்சில் அவற்றின் உருவம் மட்டுமே புதிது. இரண்டாம் மொழியாகக் கற்பவருக்கோ உருவம், ஒலி, பொருள் மூன்றும் பெரும்பாலும் ஒன்றாகவே வந்து சேருகின்றன. பழகிய முகத்தைக் கூட்டத்தில் கண்டுகொள்வதற்கும் புகைப்படத்தை வைத்துக்கொண்டு ஆளைத் தேடுவதற்கும் உள்ள வித்தியாசம் இது. போதாக்குறைக்கு ஆங்கில எழுத்துக்கூட்டல் வேறு: 'தோ' (though), 'த்ரூ' (through), 'டஃப்' (tough) மூன்றும் ஓ-யூ-ஜி-எச் என்ற அதே நான்கு எழுத்துகளில்தான் முடிகின்றன! நூற்றுக்குச் சுமார் 98 சொற்கள் தெரிந்தால்தான் ஒரு கதை உதவியின்றிப் புரியும் என்பது சொல்வளம் கற்பதை ஆராய்ந்த பால் நேஷன் போன்ற மொழியியல் ஆய்வாளர்களின் கணிப்பு. ஆனால் தாய்மொழியாளர் எல்லாரும் நன்றாக வாசிப்பார்கள் என்று நினைப்பது தவறு. விடாமல் வாசிக்கும் கற்பவர், புத்தகமே தொடாத தாய்மொழியாளரைத் தன் துறை நூல்களில் முந்திவிட முடியும்.