கல்லூரிக் கல்விக்கான செலவைக் குறைக்க வேண்டுமா?

குறைக்க வேண்டும். ஆனால், தனியார் கல்லூரிகள் கட்டணத்தைப் பாதியாக்க வேண்டும் என்று அரசாணை பிறப்பித்துவிட்டால் செலவு குறைந்துவிடும் என்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. கன்னியாகுமரி மாவட்டக் கல்லூரி ஒன்றின் சுயநிதிப் பிரிவில் சில ஆண்டுகள் பாடம் நடத்தியவன் என்ற முறையில் காரணத்தைச் சொல்கிறேன்.

எங்கள் மாவட்டத்தின் பழைய கலை அறிவியல் கல்லூரிகள் பலவும் அரசு உதவி பெறுபவை. அவற்றிலேயே சுயநிதிப் பிரிவுகளும் நடக்கின்றன. ஒரே வாயிலில் நுழைந்து, மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் பட்டத்தையே பெறப்போகும் இரண்டு மாணவர்களில், ஒருவருடைய ஆசிரியருக்கு அரசு சம்பளம் தருகிறது. மற்றவருடைய ஆசிரியருக்கு அந்த மாணவர்கள் கட்டும் பணத்திலிருந்தே சம்பளம் போகிறது. கட்டண வேறுபாட்டின் வேர் இங்கேதான் இருக்கிறது. சம்பளத்தை யார் தருவது என்பதைத் தீர்க்காமல் கட்டணத்தை மட்டும் வெட்டினால், முதலில் வெட்டப்படுவது சுயநிதி ஆசிரியரின் சம்பளம். அது ஏற்கெனவே சொல்லிக்கொள்ளும்படி இல்லை.

கல்விக் கட்டணத்துக்கு உச்சவரம்பு வைத்தாலும், ரசீதில் அதற்குக் கீழே சிறப்புக் கட்டணம், ஆய்வகக் கட்டணம், பேருந்துக் கட்டணம் என்று வரிகள் நீளும். ரசீதே இல்லாமல் வாங்கப்படும் 'மேம்பாட்டு நிதி' தனிக்கதை. நன்கொடை வசூலைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 1992 முதல் சட்டம் இருக்கிறது. இருந்தும், மகனுக்கு இடம் வேண்டும் என்று நிற்கும் தகப்பனார் புகார் எழுதப் போவதில்லை.

கட்டணம் கேட்கப்படும் காலத்தையும் கவனிக்க வேண்டும். சேர்க்கை நடப்பது ஜூன், ஜூலை மாதங்களில். குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் உள்ளிட்ட மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். குலசேகரம் பக்கம் ரப்பர் பால்வெட்டும் அதே தென்மேற்குப் பருவமழையில் அடிக்கடி நின்றுவிடும். வீட்டில் கூலி வராத மாதத்தில் முழுத் தொகையைக் கேட்டால், நகை அடகுக் கடைக்குத்தான் போகும். அந்த வட்டி எந்தக் கட்டண அட்டவணையிலும் வராது. ஆகஸ்டுக்குப் பிறகு தவணை முறையில் வாங்கினால் கல்லூரிக்குப் பெரிய நட்டம் எதுவும் வந்துவிடாது.

சலுகைகள்தான் இருக்கின்றனவே என்பார்கள். இருக்கின்றன, ஆனால் எங்கள் மாவட்டத்தில் அவை சற்று விலகி விழுகின்றன. ஒற்றைச் சாளரக் கலந்தாய்வில் தொழிற்கல்விக்குச் சேரும் முதல் பட்டதாரிக்குக் கட்டணச் சலுகை உண்டு. 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவில் தமிழகத்தின் முதல் மாவட்டமாக வந்த இங்கே, பால்வெட்டித் தொழிலாளி வீட்டிலும் மூத்தவள் ஒரு பி.ஏ. முடித்திருப்பாள், உடனே இளையவனுக்குச் சலுகை இல்லை. அரசுப் பள்ளி மாணவருக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் வருபவருக்குக் கட்டணத்தை அரசே ஏற்கிறது. ஆனால் இங்கு கணிசமான ஏழைப் பிள்ளைகள் படிப்பது அரசு உதவி பெறும் பள்ளிகளில் என்பதால், அந்தக் கதவும் அவர்களுக்குத் திறப்பதில்லை. புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய் 2022இல் தொடங்கியபோதும் இதே நிலைதான். உதவி பெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்கள் பிறகுதான் சேர்க்கப்பட்டார்கள்.

ஆகவே என் கருத்தில், அரசுப் பணம் தனித்தனிச் சலுகைகளாகச் சிதறுவதைவிட ஆசிரியர் பணியிடங்களுக்குப் போவது நல்லது. அரசு உதவி பெறும் பிரிவுகளில் காலியாகும் இடங்களைத் தாமதமின்றி நிரப்புவதும், பல ஆண்டுகளாக மாணவர் சேர்க்கை குறையாத சுயநிதிப் பாடப்பிரிவுகளை அரசு உதவிக்குள் கொண்டுவருவதும், நாகர்கோவிலை ஒட்டிய கோணம் என்ற ஊரில் உள்ள அரசு கலை அறிவியல் கல்லூரி போன்றவற்றில் இடங்களைக் கூட்டுவதும் முதலில் நடக்க வேண்டும். குறைந்த கட்டணத்தில் இடம் கிடைக்குமானால், தனியார் கல்லூரி தன் கட்டணத்தைத் தானே யோசித்து வைக்கும். குறைந்த கட்டணத்தில் கிடைத்தால் படிப்பின் மதிப்பு போய்விடும் என்பவர்கள், ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரியில் ஓர் இடத்துக்கு எத்தனை பேர் போட்டியிடுகிறார்கள் என்று விசாரித்துப் பார்க்கலாம்.