காலை ஓட்டத்துக்குப் பிறகு சர்க்கரை ஏறுவது ஏன்?

வணக்கம் சார். காலை ஐந்தரைக்கு வெறும் வயிற்றில் வேகமாக ஓடிவிட்டு வந்தால் சர்க்கரை 138-லிருந்து 171-க்கு ஏறுகிறது, மாலையில் ஓடினால் இறங்குகிறது, மீட்டர் பழுதா என்று கேட்டிருக்கிறீர்கள். மீட்டரைச் சந்தேகப்பட வேண்டாம். உடம்பு அப்படித்தான் வேலை செய்கிறது.

விடியும் முன்பே கார்ட்டிசால் என்ற ஹார்மோன் ஏறத் தொடங்கிவிடும். அது கல்லீரலை உசுப்பி ரத்தத்தில் குளுக்கோஸை விட வைக்கும். அந்த நேரத்தில் மூச்சு வாங்க ஓடினால் அட்ரினலினும் சேர்ந்துகொள்ளும். கல்லீரல் கொட்டுகிற வேகத்துக்குத் தசைகளால் இழுத்துக்கொள்ள முடிவதில்லை, அதனால்தான் அந்த ஏற்றம். சுவீடனின் கரோலின்ஸ்கா மருத்துவப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டாம் வகைச் சர்க்கரை உள்ள 11 ஆண்கள் இரண்டு வாரம் காலையிலும் இரண்டு வாரம் பிற்பகலிலும் தீவிரப் பயிற்சி செய்தார்கள். பிற்பகலில் சர்க்கரை குறைந்தது, காலையில் கூடியது. சின்ன ஆய்வுதான், ஆனாலும் உங்கள் அனுபவத்தோடு அப்படியே பொருந்துகிறது.

அதற்காகக் காலையை விட்டுவிடாதீர்கள். அப்போது நிதானமாக நடங்கள், வேக ஓட்டத்தை மாலைக்கு மாற்றுங்கள். மாலையில் உடம்புச் சூடு கூடுதலாக இருப்பதால் ஓடவும் எளிதாக இருக்கும். ஆனால் ஒன்று: கிளிமிபிரைடு மாதிரி சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் என்றால், மாலை ஓட்டத்துக்குப் பின் இரவில் சர்க்கரை ரொம்பத் தாழ்ந்துபோகலாம். டாக்டரிடம் கேட்காமல் நேரத்தை மாற்றாதீர்கள். அப்புறம், காலையில் ஓடும் நாளில் இரண்டு மணி நேரம் கழித்தும் ஒரு தடவை பார்த்து எழுதுங்கள்.