நூலகர்கள் ஒன்று கூடினால் எதைப் பற்றிப் பேசிக்கொள்வார்கள்?

"இப்போது யாருமே படிப்பதில்லை என்கிறார்களே, நூலகர்கள் சந்தித்தால் அந்தக் கவலையைத்தான் பேசுவீர்களா? இன்றைய தேதியில் நூலகங்களின் பெரிய பிரச்சினை எது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நூலகத்தில் வேலை பார்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். "யாரும் படிப்பதில்லை" என்ற புலம்பல் எங்களுக்குள் அவ்வளவாக வருவதில்லை. அதை வெளியில் இருப்பவர்கள்தான் எங்களிடம் வந்து சொல்வார்கள். அவர்களில் பாதிப் பேர் நூலகத்துக்குள் கால் வைத்துப் பல வருடம் ஆகியிருக்கும். எங்கள் ஆட்கள் நாலு பேர் சேர்ந்தால் பேச்சு மின்னூலில் தொடங்கும், ஆய்விதழ்ச் சந்தாவுக்குப் போகும், யாருடைய சர்வரையோ முடக்கிவிட்டார்கள் என்ற செய்திக்குத் தாவும். ஆனால் சுற்றிச் சுற்றி ஒரே கேள்வியில்தான் வந்து நிற்கும்: காசு கொடுத்து வாங்கியதெல்லாம் உண்மையில் நம் கையில்தான் இருக்கிறதா?

அச்சுப் புத்தகத்தில் இந்தக் குழப்பமே கிடையாது. வாங்கினோம், பதிவேட்டில் எண் போட்டோம், முத்திரை குத்தினோம், அடுக்கில் வைத்தோம். அதோடு அது நூலகத்தின் சொத்து. முப்பது வருடம் இரவல் கொடுக்கலாம், அட்டை கிழிந்தால் பைண்டிங் போடலாம். விற்ற பிரதியின் மேல் பதிப்பாளருக்குப் பிறகு பிடி இல்லை. அமெரிக்கச் சட்டம் இதை வெளிப்படையாகவே சொல்கிறது.

மின்னூலில் இது செல்லாது. அங்கே நூலகத்துக்கு எதையும் விற்பதில்லை, உரிமம் மட்டும் தருகிறார்கள். அதற்கும் ஆயுள் உண்டு. 2011இல் ஹார்ப்பர்காலின்ஸ் பதிப்பகம் ஒரு விதி கொண்டுவந்தது: ஒரு மின்னூலை 26 முறை இரவல் கொடுத்தால் உரிமம் முடிந்தது, மறுபடி வாங்க வேண்டும். அச்சுப் பிரதி ஏறக்குறைய அத்தனை இரவலுக்குப் பிறகு நைந்துபோகும் என்பது அவர்கள் சொன்ன கணக்கு. அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் ஒரு நூலகத்தார் உடனே அதே பதிப்பகத்தின் அச்சுப் புத்தகங்களை அடுக்கிலிருந்து எடுத்து, 26 முறைக்கு மேல் வெளியே போய் வந்தும் எப்படி இருக்கின்றன பாருங்கள் என்று வீடியோவே போட்டார்கள். அட்டை கொஞ்சம் மழுங்கியிருக்கும், மற்றபடி ஜம்மென்று இருந்தன. விதி மாறவில்லை.

அப்புறம் பெரிய பதிப்பகங்கள் எண்ணிக்கையிலிருந்து நாளுக்கு மாறின. பெங்குவின் ரேண்டம் ஹவுஸ் 2018இலும், ஹாஷெட் 2019இலும் இரண்டு வருட உரிமத்துக்கு வந்தன. யாராவது படித்தாலும் படிக்காவிட்டாலும் இரண்டு வருடம் கழித்து நூற்பட்டியலிலிருந்து அது மறைந்துவிடும். விலையும் தனி வாசகர் கொடுப்பதைப் போல மூன்று நான்கு மடங்கு இருப்பது சாதாரணம். மேக்மில்லன் ஒரு படி மேலே போய், 2019 நவம்பரிலிருந்து புதுப் புத்தகம் வந்த முதல் எட்டு வாரங்களுக்கு ஒரு நூலக அமைப்புக்கு ஒரே ஒரு மின்பிரதி என்றது. நூறு கிளைகள் உள்ள நகரமாக இருந்தாலும் ஒன்றுதான்! பல நூலகங்கள் அவர்களின் மின்னூல்களை வாங்குவதையே நிறுத்தின. 2020 மார்ச்சில் மேக்மில்லன் அதைக் கைவிட்டது.

இதெல்லாம் வாசகருக்குத் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. அவர் வந்து கேட்பது, "ஃபைல்தானே சார், நான் எதற்கு வரிசையில் நிற்க வேண்டும்?" என்றுதான். நியாயமான கேள்வி. ஓர் உரிமத்துக்கு ஒரு நேரத்தில் ஒரு வாசகர் என்ற ஒப்பந்தத்தை அவருக்கு விளக்கும்போது, யாரோ எழுதிய சட்டத்துக்கு நான் வக்காலத்து வாங்குவது போல எனக்கே இருக்கும்.

சட்டம் போட்டுச் சரிசெய்ய முடியாதா என்பீர்கள். அமெரிக்காவின் மேரிலாண்ட் மாநிலம் முயன்றது. பொதுமக்களுக்குத் தரும் மின்னூலை நியாயமான நிபந்தனையில் நூலகங்களுக்கும் தர வேண்டும் என்று 2021இல் சட்டம் போட்டார்கள். பதிப்புரிமை மத்தியச் சட்டத்துக்குள் வருவது, மாநிலம் அதில் தலையிட முடியாது என்று 2022இல் நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது.

இணையத்தில் நூல்களைச் சேமித்து இலவசமாகத் தரும் இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற அமைப்பு வேறு வழியில் போனது. தன்னிடம் உள்ள அச்சுப் பிரதியை ஸ்கேன் செய்து, அச்சுப் பிரதியை உள்ளே வைத்துவிட்டு, ஸ்கேனை ஒரு நேரத்தில் ஒருவருக்கு மட்டும் கொடுப்பது. அதாவது, நூலகம் எப்போதும் செய்துவந்ததையே திரையில் செய்வது. 2020 மார்ச்சில், பெருந்தொற்றால் நூலகங்கள் பூட்டிக்கிடந்தபோது, ஒருவருக்கு ஒன்று என்ற கட்டுப்பாட்டையும் தற்காலிகமாக எடுத்துவிட்டார்கள். ஜூனிலேயே நான்கு பதிப்பகங்கள் வழக்குப் போட்டன. 2023 மார்ச்சில் தீர்ப்பு ஆர்க்கைவுக்கு எதிராக வந்தது, 2024 செப்டம்பரில் மேல்முறையீட்டிலும் தோற்றார்கள். ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட புத்தகங்கள் இரவல் பட்டியலிலிருந்து போயின.

இந்த விஷயத்தில் நூலகர்கள் எல்லோரும் ஒரே பக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். இதை எடுத்தால் எங்கள் தேநீர் நேரம் முடியாது. கட்டுப்பாட்டை எடுத்ததுதான் வினை, அதற்கு முன்பு பதிப்பாளர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு சும்மாதான் இருந்தார்கள் என்பது ஒரு கட்சி. எப்படியும் ஒருநாள் வழக்கு வந்திருக்கும், பூட்டிய கதவுக்கு முன்னால் மாணவர்கள் நின்ற நேரத்தில் வேறு என்ன செய்வது என்பது இன்னொரு கட்சி. நான் முதல் கட்சி. நோக்கம் நல்லதுதான். ஆனால் ஒருவருக்கு ஒன்று என்ற வரம்புதான் அந்த ஏற்பாட்டின் உயிர். அதையே எடுத்துவிட்டு நீதிமன்றத்தில் போய் நாங்களும் நூலகம்தான் என்றால் எடுபடாது.

ஆய்விதழ்களில் இந்தக் கதை இன்னும் பழையது. முன்பு இதழ்கள் தாளில் வந்தன. சந்தாவை நிறுத்தினாலும் அதுவரை வந்தவை அலமாரியில் இருந்தன. இப்போது நூற்றுக்கணக்கான இதழ்களை ஒரே கட்டாகத் தருகிறார்கள். அதில் பாதியை யாரும் திறப்பதுகூட இல்லை, ஆனால் தனியாகப் பிரித்து வாங்கப் போனால் விலை இடிக்கும். கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் 2019இல் எல்சவியர் என்ற பெரிய ஆய்விதழ்ப் பதிப்பகத்தோடு ஒப்பந்தம் வேண்டாம் என்று எழுந்து வந்தது. அவ்வளவு பெரிய அமைப்பே இரண்டு வருடம் இதழ்கள் இல்லாமல் தாக்குப்பிடித்து, 2021 மார்ச்சில், தன் ஆசிரியர்களின் கட்டுரைகள் எல்லோருக்கும் திறந்தபடி வெளியாக வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் மறுபடி கையெழுத்துப் போட்டது. இடையில் 2020இல் எம்ஐடி என்ற அமெரிக்கப் பல்கலைக்கழகமும் எல்சவியர் ஒப்பந்தத்திலிருந்து வெளியேறியது. சின்ன நூலகத்துக்கு இந்தத் துணிச்சல் வராது. வந்தாலும் எதிரே உட்கார்ந்திருப்பவர் கண்டுகொள்ள மாட்டார்.

சரி, கையில் இல்லாததைப் பற்றி இவ்வளவு போதும். கையில் இருப்பதும் கம்ப்யூட்டர் நின்றால் கிடைக்காது என்பது 2023 அக்டோபரில் தெரிந்தது. பிரிட்டிஷ் நூலகத்தின் கணினிகளை ரைசிடா என்ற கும்பல் முடக்கிப் பணம் கேட்டது. நூலகம் கொடுக்கவில்லை. சுமார் 600 ஜிபி தகவலை அவர்கள் வெளியே கொட்டினார்கள். புத்தகங்கள் எல்லாம் பத்திரமாகக் கிடங்கில் இருந்தன. எது எந்த அடுக்கில் என்று சொல்லும் நூற்பட்டியல்தான் போயிருந்தது. அடுத்த ஜனவரியில்தான் அது தேடிப் பார்க்கும் அளவுக்காவது இணையத்துக்குத் திரும்பியது. அவர்கள் செய்த ஒரு காரியத்தை மட்டும் பாராட்டியே ஆக வேண்டும். எங்கே ஓட்டை இருந்தது, பழைய மென்பொருள்கள் எப்படிக் காலை வாரின என்று 2024 மார்ச்சில் தாங்களே அறிக்கை வெளியிட்டார்கள். பல நிறுவனங்கள் இதை மூடித்தான் மறைக்கும். அந்த அறிக்கையைக் காட்டித்தான் பல நூலகர்கள் தங்கள் நிர்வாகத்திடம் கணினிப் பாதுகாப்புக்குப் பணம் கேட்கிறார்கள்.

பிரிட்டிஷ் நூலகம் முடங்கிய அதே 2023 அக்டோபரில் கனடாவின் டொரொண்டோ பொது நூலகத்துக்கும் இதே கதி. அங்கே நடந்தது வெளியாட்களுக்கு வேடிக்கையாக இருக்கும், எங்களுக்கு வயிற்றைக் கலக்கியது. கிளைகள் திறந்திருந்தன, இரவலும் ஏதோ எழுதிவைத்துக் கொடுத்தார்கள். ஆனால் திரும்பி வந்த புத்தகத்தை அடுக்கில் வைக்க முடியவில்லை. ஏனென்றால், ஸ்கேன் செய்து உள்ளே வாங்காத வரை அது வாசகரிடம் இருப்பதாகத்தான் கணக்கு. அடுத்து அதற்காகக் காத்திருப்பவர் யார், அது எந்தக் கிளைக்குப் போக வேண்டும், எதுவும் தெரியாது. வந்ததையெல்லாம் டிரெய்லர் வண்டிகளில் அடுக்கி வைத்தார்கள். மொத்தம் பத்து லட்சம் புத்தகங்கள்!

அடுத்து செயற்கை நுண்ணறிவு. நூலகர் வேலை போய்விடுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். இப்போதைக்கு வேலை கூடித்தான் இருக்கிறது. ஒரு மாணவர் மேற்கோள் பட்டியலோடு வருவார். ஆசிரியர் பெயர் உண்மை, அந்தத் துறைக்காரர்தான். இதழ் உண்மை. தொகுதி எண்ணும் வருடமும் பொருந்தும். அந்தத் தொகுதியை எடுத்து 112ஆம் பக்கத்தைத் திறந்தால் யாரோ வேறொருவர் வேறெதைப் பற்றியோ எழுதியிருப்பார். சாட்பாட் இட்டுக்கட்டிய கட்டுரை அது. இருப்பதைத் தேடிக் கொடுக்க ஐந்து நிமிடம் போதும். இல்லாததை இல்லை என்று உறுதிசெய்ய, ஆசிரியரின் முழுப் பட்டியல், இதழின் உள்ளடக்கம், வேறு தலைப்பில் வந்ததா என்று எல்லாவற்றையும் பார்த்தாக வேண்டும். கடைசியில் மாணவர் நம்மைத்தான் சந்தேகமாகப் பார்ப்பார், "உங்களிடம் இல்லை போல, சரி" என்று.

மாணவரைக் குறை சொல்லவும் முடியாது. 2025 மே மாதம் சிகாகோ சன்-டைம்ஸ் பத்திரிகையோடு வந்த கோடை வாசிப்புப் பட்டியலில் 15 புத்தகங்களில் ஐந்துதான் நிஜம். மற்றவை, பிரபல எழுத்தாளர்களின் பெயரில் கருவி கற்பனை செய்தவை. அச்சுப் பத்திரிகையே இப்படியென்றால் சாதாரண ஆள் என்ன செய்வார்?

இதே நுண்ணறிவு நிறுவனங்களுக்காகத் தகவல் திரட்டும் ரோபோ நிரல்கள் எங்கள் நூற்பட்டியல்களையும் மின் சேகரங்களையும் ஓயாமல் இழுத்துக்கொண்டே இருப்பது இன்னொரு தலைவலி. சில நாள் சர்வர் திணறி, ஒரு தலைப்பைத் தேடக்கூட நிமிடக் கணக்கில் ஆகும். எல்லோருக்கும் திறந்து வை என்று இத்தனை வருடம் சொல்லிக்கொடுத்துவிட்டு, இப்போது யாரைத் தடுப்பது என்று நாங்களே யோசிக்கிறோம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்தப் புத்தகத்தை அடுக்கிலிருந்து நீக்கு என்ற நெருக்கடி கூடியிருக்கிறது. அமெரிக்க நூலகச் சங்கத்தின் கணக்கில் 2023இல் மட்டும் 4,240 தலைப்புகள் மேல் ஆட்சேபம் வந்தது. தாமதக் கட்டணத்தைப் பெரிய நகரங்கள் விட்டுவிட்டன. சிகாகோ 2019இல், நியூயார்க் 2021இல். எனக்கு அதில் முழுச் சம்மதம், அந்தச் சில்லறையைவிட வாசகர் திரும்பி வருவது முக்கியம். போக்கிடம் இல்லாதவர்கள் பகல் முழுக்க நூலகத்தில் உட்கார்ந்திருப்பதும் எங்கள் பேச்சில் வரும். சான்பிரான்சிஸ்கோ பொது நூலகம் 2009இலேயே அதற்காக ஒரு சமூகப் பணியாளரை வேலைக்கு வைத்தது. மற்ற இடங்களில் அந்த வேலையையும் மேசையில் இருப்பவர்தான் பார்க்கிறார்.

வாசகரின் அந்தரங்கம் பற்றியும் ஒரு வார்த்தை. அச்சுப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்ததும், யார் எடுத்தார் என்ற பதிவை அழித்துவிடும் வழக்கம் பல நூலகங்களில் உண்டு. மின்னூலில் அது எங்கள் கையில் இல்லை. நூலகங்களின் மின்னூல்களைத் திறக்கவும் பயன்பட்ட அடோபியின் வாசிப்பு மென்பொருள், யார் எந்தப் பக்கத்தில் இருக்கிறார் என்ற விவரத்தைப் பூட்டுகூடப் போடாமல் அனுப்பிக்கொண்டிருந்தது 2014இல் அம்பலமானது. பிறகு சரிசெய்தார்கள். ஆனால் அதைக் கண்டுபிடித்தது நாங்கள் இல்லை என்பதுதான் எங்களுக்கு உறுத்தல்.

கேள்விக்குக் கீழே ஒருவர் "வாசகர்கள் என்ன செய்யலாம்?" என்று கேட்டிருந்தார். பெரிதாக ஒன்றும் வேண்டாம். நூலக மின்னூல்களை இரவல் எடுக்க உதவும் லிப்பி போன்ற செயலியில் முன்பதிவு செய்த மின்னூல் வந்து, படிக்க நேரமில்லை என்றால், பிறகு அனுப்பச் சொல்லும் வசதி இருக்கிறது, அதை அழுத்துங்கள். வரிசையில் உங்கள் இடம் போகாது, அடுத்தவருக்கு இப்போதே கிடைக்கும். சும்மா புரட்டிப் பார்க்க வேண்டுமென்றால் இரவல் எடுக்காமல் மாதிரிப் பக்கங்களைத் திறந்து பாருங்கள். எண்ணிக்கை வைத்த உரிமமாக இருந்தால் நீங்கள் இரண்டு நிமிடம் திறந்து மூடியதும் 26இல் ஒன்றாகத்தான் கழியும். படித்து முடித்துவிட்டால் கெடுத் தேதி வரை வைத்திருக்காமல் அன்றே திருப்பிவிடுங்கள்.

சாட்பாட் கொடுத்த பட்டியலோடு வந்தால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். யாரும் திட்ட மாட்டோம். எங்கிருந்து தேடத் தொடங்குவது என்று எங்களுக்குத் தெரியும், அவ்வளவுதான்.