பயிற்சி கொடுத்தும் சைட்டில் பழைய முறைதானா?

கேள்வி: சிறு கட்டுமான நிறுவனம் நடத்துகிறேன். பொறியாளர்களுக்குப் பசுமைக் கட்டுமானப் பயிற்சி கொடுத்தோம், ஆர்வமாகவே கேட்டார்கள். ஆனால் சைட்டில் சாதா சிமென்டும் செங்கல்லும்தான் தொடர்கின்றன. இவர்களை எது மாற்றும்?

பதில்: பயிற்சிக் குறைவு இதற்குக் காரணமாக இருக்க வாய்ப்பில்லை. புதுப் பொருளைப் போட்டு விரிசல் விட்டால் பழி பொறியாளர் மேல் விழுகிறது. மின் கட்டணம் குறைந்தாலோ லாபம் குடியிருப்பவருக்குப் போகிறது. அப்படியிருக்க, பழகிய முறையை அவர் எதற்காக விடவேண்டும்? அந்த ரிஸ்க்கை முதலில் நிர்வாகம் ஏற்றுக்கொள்ளுங்கள்.

ஃப்ளை ஆஷ் (அனல் மின் நிலையச் சாம்பல்) கலந்த கான்கிரீட்டில் இது தெளிவாகத் தெரியும். சிமென்டில் 25–30 சதவீதத்தை ஃப்ளை ஆஷாக மாற்றினால் ஆரம்ப வலிமை மெதுவாகத்தான் ஏறும். 7 நாள் கியூப் டெஸ்டில் (கான்கிரீட் கட்டியை நசுக்கி வலிமை பார்ப்பது) எண் குறைவாக வரும், 28 நாளில்கூடச் சற்றுப் பின்தங்கலாம். அதன் பிறகும் வலிமை கூடிக்கொண்டே போகும். வேலை அட்டவணை மட்டும் பழைய கணக்கில் இருந்தால், சென்ட்ரிங்கை (கான்கிரீட்டைத் தாங்கும் தற்காலிகப் பலகை, முட்டு) வழக்கமான நாளில் பிரிக்கச் சொல்லி நெருக்குவார்கள், கியூரிங்கை (ஈரமாக வைத்திருப்பதை) 7 நாளோடு நிறுத்துவார்கள். மேற்பரப்பு பொடிப்பொடியாக உதிரும், விரிசல் விடும். அந்தப் பொறியாளர் அதன்பின் ஃப்ளை ஆஷ் பக்கமே திரும்பமாட்டார்.

எனவே அட்டவணையிலேயே 14 நாள் கியூரிங் என்று எழுதுங்கள். ஸ்லாபுக்குப் பக்கத்திலேயே வைத்து, அதே தண்ணீரில் கியூரிங் செய்த கியூபின் வலிமையைப் பார்த்த பிறகே சென்ட்ரிங்கைப் பிரியுங்கள். முதல் முயற்சிக்கு அஸ்திவாரம் ஏற்ற இடம். முழுச் சுமை வர மாதங்கள் ஆகும் என்பதால், வடிவமைப்புப் பொறியாளர் ஒப்புக்கொண்டால் 28 நாளுக்குப் பதில் 56 நாள் வலிமையை ஏற்பு அளவாக வைக்கலாம்.

ஏஏசி பிளாக்கில் (நுண்ணிய காற்றறைகள் உள்ள இலேசான கான்கிரீட் கட்டி) சிக்கல் கொத்தனாரின் கைப்பழக்கத்தில் இருக்கிறது. செங்கல்லுக்குப் போடுவதுபோல 10–12 மி.மீ. கலவை போட்டால், பிளாக் அதிலுள்ள தண்ணீரை உறிஞ்சிவிடும், இணைப்பு பிடிக்காது. இதற்கென்றே விற்கும் ஒட்டுக்கலவையை 2–3 மி.மீ. கனத்தில் பூசவேண்டும். தூணும் பிளாக்கும் சேரும் இடத்தில் மெஷ் (வலை) வைக்காமல் பூசினால் அந்தக் கோட்டிலேயே விரிசல் ஓடும். ஒரு மாதிரிச் சுவரைக் கட்டிப் பூசிக் காய வைத்துக் காட்டுங்கள். பத்து வகுப்பைவிட அது அதிகம் சொல்லிக்கொடுக்கும். வேலை முடிந்த பக்கத்து சைட் இருந்தால், அங்கே உள்ள மேஸ்திரியோடு உங்கள் ஆட்களைப் பேச விடுங்கள். தொழிலில் இருப்பவர் சொல்லைத்தான் அவர்கள் நம்புவார்கள்.

முடிவெடுக்கும் நேரமும் முக்கியம். அதே கன அளவுக்கு, பிளாக்கின் எடை செங்கல்லில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். கம்பியிலும் அஸ்திவாரத்திலும் அந்த எடைக்குறைவால் மிச்சம் கிடைக்க, வடிவமைப்புக்கு முன்பே பிளாக் என்று முடிவாகியிருக்கவேண்டும். வரைபடம் முடிந்தபின் மாற்றினால் கூடுதல் செலவு மட்டுமே கண்ணுக்குத் தெரியும். ‘பசுமை என்றாலே விலை’ என்ற எண்ணம் பெரும்பாலும் இங்கேதான் பிறக்கிறது.

சட்ட விதியும் வாடிக்கையாளர் கேட்பதும் பெரிய உந்துதல்கள்தான், ஆனால் அவை உங்கள் கையில் இல்லை. டெண்டர் உங்கள் கையில் இருக்கிறது. குறைந்த ரேட்டுக்கே வேலை என்றால் ஒப்பந்தக்காரர் முதலில் வெட்டுவது இந்தக் கூடுதல் வேலைகளைத்தான். கூடுதல் கியூரிங், மெஷ், மாதிரிச் சுவர் ஒவ்வொன்றையும் தனி ஐட்டமாக அளவோடு போட்டுப் பணம் கொடுங்கள். ‘அல்லது இணையான பொருள்’ என்று எழுதுமிடத்தில், எந்த டெஸ்ட் ரிசல்ட் இருந்தால் இணையானது என்று ஏற்பீர்கள் என்பதையும் சேர்த்து எழுதிவிடுங்கள்.